ஒட்டாத இரு திண்மங்கள்

தாமரை இலையில் நீர் ஒட்டாமல் உருண்டோடுவதைப் பார்த்திருப்பீர்கள். திண்ம லிதியம் மின்கலம் செய்ய முனைந்தோருக்கும் இதே தொல்லைதான்.

இன்றைய கைப்பேசி மின்கலங்களில் லிதியம் அயனிகள் செல்வது எளிதில் தீப்பற்றும் கரிமத் திரவத்தின் வழியாகவே. அதற்குப் பதிலாகப் பீங்கானை வைத்தால் ஆபத்து குறையுமல்லவா? லிதியம், லாந்தனம், சிர்க்கோனியம், ஆக்சிஜன் சேர்ந்த அத்தகைய பீங்கானை 2007-இல் முருகன், தங்கதுரை, வெப்னர் ஆகியோர் அறிவித்தனர்.

ஆனால் திரவம் மின்முனையின் ஒவ்வொரு குழியிலும் புகுந்து நிரம்பும், பீங்கான் புகாது. அதுவும் லிதியம் உலோகமும் மேடுகளில் மட்டுமே தொடும். மேலும், காற்றுப் பட்டால் பீங்கான்மேல் லிதியம் கார்பனேட் படலம் படியும். உருகிய லிதியத்தை ஊற்றினாலும் அது ஒட்டாமல் உருளும். தொடும் இடம் குறைந்தால் தடை மிகும். மின்னோட்டமும் சில புள்ளிகளில் குவிவதால், அங்கே லிதியம் இழைபோல் வளர்ந்து பீங்கானை ஊடுருவி, மின்கலத்தைக் குறுக்குச் சுற்றாக்கிவிடும்.

2017-இல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தினர் பீங்கான்மேல் மிக மெல்லிய அலுமினியம் ஆக்சைடுப் படலம் பூசினர். உருகிய லிதியம் அதனுடன் வினைபுரிந்து நன்கு படர்ந்தது. ஒரு சதுர செ.மீ. பரப்பில் 1710 ஓமாக இருந்த இடைமுகத் தடை 1 ஓமாக வீழ்ந்தது!

எனினும், மின்கலம் வேலை செய்கையில் லிதியம் அயனியாக வெளியேறும் இடத்தில் வெற்றிடங்கள் தோன்றுகின்றன. அவற்றை மூட வெளியிலிருந்து அழுத்தம் தர வேண்டியுள்ளது. ஒட்டவைத்தாயிற்று, ஒட்டியே இருக்கச் செய்வதுதான் மீதிப் பணி.