கடலைக் கோடாக்கியவர்: நஸ்ரீன் முகமதி (1937–1990)

கடலோர ஓவியம் என்றதும் படகு, வலை, தென்னை, மாலைச் சூரியன் என்று வரிசையாக நினைவுக்கு வரும். நஸ்ரீன் இவற்றையெல்லாம் கரையிலேயே விட்டுவிட்டார்.

கராச்சியில் பிறந்தவர், லண்டனிலும் பாரிஸிலும் ஓவியம் பயின்றவர், 1972 முதல் பரோடா நுண்கலைக் கல்லூரியில் ஆசிரியர். மும்பைக்குத் தெற்கே, அலிபாக் அருகே கிஹிம் கடற்கரையில் குடும்ப வீடு இருந்தது. வற்றிய அலை மணலில் விட்டுப்போகும் தடம், தொடுவானம், நீண்ட நிழல் என்று கறுப்பு வெள்ளையில் நிறையப் படமெடுத்தார். வாழ்ந்த காலத்தில் அந்தப் புகைப்படங்களைக் காட்சிக்கு வைக்கவே இல்லை!

1960களின் தொடக்கத்தில் மையும் நீர்வண்ணமுமாகக் கசிந்து பரவிய நிலக்காட்சி, 70களில் மெல்லிய கோடுகளாகச் சுருங்கியது. காகிதம், பென்சில், மை, வரைகருவிகள். அவ்வளவுதான். கடலில்லாத திண்டுக்கல் பக்கத்தில், சின்னாளபட்டித் தறியில் பாவு நூலைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கோடுகள் புதிதாகத் தோன்றாது. தறிப் பாவையும் அவர் படமெடுத்திருக்கிறார்.

நரம்பு நோய் கையைத் தளர்த்திய ஆண்டுகளிலும் கோடு பிசகவில்லை.

பெரும்பாலான படைப்புகளுக்குத் தலைப்பும் இல்லை, தேதியும் இல்லை. நெருங்கி நின்று பாருங்கள். தள்ளி நின்றால் பாதிக் கோடுகள் கண்ணில் படாது.