ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்

அக்கா மகள் செல்போனில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். எங்கள் அம்மா திண்ணையில் உட்கார்ந்து மல்லிகைச் சரம் கட்டிக்கொண்டிருக்கிறாள். பின்னால் தெரு, தெருவில் ஒரு மின்கம்பம். அந்தக் கம்பம் சொல்லிவைத்தாற்போல அம்மாவின் உச்சந்தலையில் முளைத்து வானத்துக்கு ஏறியிருந்தது. கீழே ஒரு வரி: "எப்படி இருக்கு மாமா?"

"அம்மாச்சி தலையில கம்பம் நிக்குதே, பார்க்கலையா?" என்று பதில் போட்டேன். பத்தாவது படிக்கும் பிள்ளை. அதற்குப் பிறகு ஆறு மாதம் எனக்கு அவள் ஒரு படமும் அனுப்பவில்லை.

கம்பம் நின்றது உண்மை. ஆனால் "பார்க்கலையா" என்ற கேள்விக்கும் உண்மையான பதில் ஒன்று இருக்கிறது. அவள் பார்க்கவில்லை. அந்த இடத்தில் நின்றிருந்தால் நானும் பார்த்திருக்க மாட்டேன். இதற்கான காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டபோது, அடுத்தவர் எடுத்த படத்தைப் பற்றி வாய் திறப்பதற்கே கொஞ்சம் தயங்கினேன்.

இப்போதே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு விரலை முகத்துக்கு நேரே ஒரு முழ தூரத்தில் நிறுத்துங்கள். விரலுக்கு நேர் பின்னால், தொலைவில், ஒரு ஜன்னல் கம்பியோ தூணோ இருக்கட்டும். பார்வை விரல் மீதே இருக்க, பின்னால் இருக்கும் கம்பியைக் கவனியுங்கள். அது இரண்டாகப் பிரிந்து மங்கலாக நிற்கும். இப்போது ஒரு கண்ணை மூடுங்கள். இரண்டில் ஒன்று மறைந்து ஒரே கம்பி நிற்கும்; தலையைச் சற்று நகர்த்தினால் அது விரலோடு ஒட்டிக்கொள்ளும்.

நம் கண்கள் இரண்டும் சுமார் 6 சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. ஒரு கண் பார்ப்பதும் மறு கண் பார்ப்பதும் சற்றே வேறான காட்சிகள். மூளை அந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டு, எது பக்கம், எது தூரம் என்று பிரித்து வைக்கிறது. திண்ணையில் இருக்கும் அம்மாச்சியைப் பார்க்கும் பிள்ளைக்குக் கம்பம் வேறொரு இடத்தில், வேறொரு ஆழத்தில் இருக்கிறது. இரண்டாகக் கலங்கிப்போன அதை மூளை ஓரம்கட்டியும் விடுகிறது. போதாக்குறைக்கு, விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் பகுதி மிகச் சிறியது. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவுதான். மற்றதெல்லாம் மங்கல். ஒரு நொடிக்கு மூன்று முறை கண் தாவித் தாவி மேய்வதால்தான் உலகம் முழுவதும் தெளிவாக இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. எங்கே தாவவில்லையோ, அங்கே பார்க்கவில்லை.

கேமராவுக்கு ஒரே கண். பக்கம், தூரம் என்ற பேதம் அதற்குக் கிடையாது. அம்மாச்சியின் தலையும் கம்பத்தின் அடியும் ஒரே தாளில் ஒட்டிய இரண்டு துண்டுகள். பிள்ளை செய்த தவறு என்று நான் சொன்னது, அவளுடைய மூளை ஒழுங்காக வேலை செய்ததன் அடையாளம்! "பார்க்கலையா" என்று கேட்டதற்குப் பதில், "எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாரு" என்று சொல்லியிருக்க வேண்டும். முதல் வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவள் செய்ய ஒன்றுமில்லை. இரண்டாவதை வைத்து அன்று மாலையே இன்னொரு படம் எடுத்திருப்பாள்.

புதிதாகப் படம் எடுப்பவர்களின் பிழைகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். நமக்குத் தெரியாமல் மூளை செய்துகொண்டிருக்கும் ஒரு வேலையைக் கேமரா செய்யாமல் விட்டிருக்கும். அது எந்த வேலை என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் கருத்து சொல்கிறவரின் பங்கு.

ஜன்னலுக்கு முன்னால் நிற்கவைத்து எடுத்த முகம் கரிக்கட்டையாக வருவதைப் பார்த்திருப்போம். உச்சி வெயிலில் வெட்டவெளியின் வெளிச்சம் ஏறத்தாழ 1 லட்சம் லக்ஸ். வீட்டுக்குள் 100, 200 லக்ஸ் இருந்தால் அதிகம். நாம் முகத்தைப் பார்க்கும்போது கண் ஒருவிதமாகவும், ஜன்னலுக்குத் தாவும்போது வேறுவிதமாகவும் தன்னை மாற்றிக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே காட்சியாகத் தைத்துக் கொடுப்பது மூளை. இப்போதைய போன்கள் அடுத்தடுத்துப் பல படங்கள் எடுத்து ஒன்றாக்கி இதைப் போலச் செய்யப் பார்க்கின்றன. அப்படியும் எட்டாத வெளிச்ச வித்தியாசம் இருக்கிறது. "ஒரே இருட்டா இருக்கு" என்பது படத்தைப் பற்றிய தகவல், அவ்வளவே. "அவரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி நிற்கச் சொல்லு, நீ ஜன்னலுக்கு முதுகு காட்டி நில்லு" என்பதைக் கொண்டு எடுத்தவர் அடுத்த படத்தை எடுக்க முடியும்.

வயலில் மேயும் எருமையும் அதன் பக்கத்தில் நிற்கும் கொக்கும் எனக்கு இன்னும் ஆச்சரியம் தருபவை. கேமராவின் ஒளிமானி, தன் முன்னால் இருப்பது எதுவானாலும் சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொள்கிறது. விழும் வெளிச்சத்தில் 18 சதவீதம் போலத் திருப்பி அனுப்பும் சாம்பல் என்று புகைப்படக்காரர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். எருமையின் முதுகு ஃப்ரேமை நிறைத்தால், இது சாம்பல்தானே, ஏன் இவ்வளவு இருட்டு என்று கேமரா வெளிச்சத்தைக் கூட்டும். கருகரு எருமை வெளுத்துப்போகும். கொக்குக் கூட்டம் நிறைத்தால் குறைத்துக்கொள்ளும், கொக்கு அழுக்காகும். கல்யாண வீட்டில் வெள்ளை வேட்டி சட்டையில் பத்துப் பேரை நிறுத்தி எடுத்த படம் மங்கிக் கிடப்பதும் இதனால்தான். திரையைத் தொட்டால் வரும் சூரியக் குறியை வெள்ளைக்கு மேலே நகர்த்து, கறுப்புக்குக் கீழே இறக்கு என்று சொல்லிக்கொடுக்கலாம். கேட்கிறவருக்கு முதலில் தலைகீழாகத்தான் படும். காரணம் புரிந்துவிட்டால் பிறகு மறக்காது.

நிலவைப் படம் எடுக்காதவர் யார்? பௌர்ணமி அன்று மொட்டைமாடியிலிருந்து எடுத்ததை எத்தனையோ பேர் என்னிடம் காட்டியிருக்கிறார்கள். கறுப்பில் ஒரு வெள்ளைப் பொட்டு. "நேர்ல எவ்வளவு பெரிசா இருந்தது தெரியுமா!" என்று உடனே சொல்வார்கள். பெரிதாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் வானத்தில் நிலவின் அகலம் அரை டிகிரி மட்டும். கையை நீட்டிச் சுண்டுவிரலைக் காட்டினால் முழு நிலவும் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். தென்னந்தோப்புக்கு மேல் எழும்போதும் அதே அரை டிகிரி, உச்சிக்கு வந்த பிறகும் அதே. கீழே இருக்கையில் பெரிதாகக் காட்டுவது மூளை. போனின் வழக்கமான லென்ஸ் ஒரே பார்வையில் 70 டிகிரி அளவுக்கு வாரிக்கொள்வதால், படத்தின் அகலத்தில் சுமார் 150-ல் ஒரு பங்குதான் நிலவுக்குக் கிடைக்கிறது. அது வெள்ளைப் பொட்டாவதற்கு வேறு காரணம். நிலவு என்பது வெயிலில் கிடக்கும் பாறை. அதற்குப் பகல்வேளைக்கான வெளிச்ச அளவுதான் வேண்டும். கேமராவோ சுற்றியிருக்கும் இருட்டைப் பார்த்து ஷட்டரை நெடுநேரம் திறந்து வைக்கிறது.

ஆன்சல் ஆடம்ஸ் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் 1941-ல் நியூ மெக்சிகோவின் எர்னாண்டஸ் என்ற சிற்றூரைக் கடக்கையில், தேவாலயத்துக்கும் கல்லறைச் சிலுவைகளுக்கும் மேலே நிலவு எழுவதைக் கண்டு காரை நிறுத்தினார். சிலுவைகள் மேல் விழுந்த அந்தி வெயில் மறையப் போகிறது. அவசரத்தில் ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்தே கணக்குப் போட்டு எடுத்தார். அந்த நெகட்டிவிலிருந்து பிந்தைய ஆண்டுகளில் போட்ட பிரதிகளில் வானத்தை மேலும் மேலும் கறுப்பாக்கிக்கொண்டே போனார். கண் கண்டதற்கும் ஃபிலிம் பிடித்ததற்கும் நடுவே இருந்த தூரத்தைப் பல ஆண்டுகள் இருட்டறையில் கடந்துகொண்டிருந்தார் அவர். பொட்டு நிலவோடு வரும் பிள்ளைக்கு நான் இந்தக் கதையைச் சொல்வேன். கூடவே, கோபுரத்தை விட்டு ரொம்ப தூரம் தள்ளிப் போய், ஜூம் செய்து, கோபுரமும் நிலவும் பக்கத்தில் வருமாறு எடுக்கச் சொல்வேன். தூரம் போகப் போகக் கோபுரம் சிறுக்கும், நிலவு சிறுக்காது. நேரில் கண்ட பிரம்மாண்டம் அப்போது கொஞ்சம் படத்துக்குள் வரும்.

முகம் இன்னும் நுட்பமான விஷயம். மூக்கு நுனியிலிருந்து காது வரை ஒரு 12 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 30 சென்டிமீட்டரில் போனை நீட்டி எடுத்தால் மூக்கு 30-லும் காது 42-லும் இருக்கின்றன. காதோடு ஒப்பிட்டால் மூக்கு இயல்பைவிட 1.4 மடங்கு பெரிதாகப் பதிவாகும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றால் இந்த வித்தியாசம் 1.08 மடங்காகச் சுருங்கிவிடும். செல்ஃபியைப் பார்த்துத் தன் மூக்கை நொந்துகொள்ளும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வகுத்தல் கணக்கைப் போட்டுக் காட்டவேண்டும் என்று எனக்கு ஆசை. குறை மூக்கில் இல்லை, கையின் நீளத்தில் இருக்கிறது.

நல்ல படத்தைப் பார்த்தும் "நான் இப்படியா இருக்கேன்?" என்று கேட்பவர்கள் உண்டு. 1977-ல் அமெரிக்காவில் மீடா, டெர்மர், நைட் என்ற மூவர் சில பெண்களைப் படம் எடுத்து, அதை நேராகவும் இடவலம் மாற்றியும் அச்சிட்டுக் காட்டினார்கள். பெரும்பாலும் அந்தப் பெண்களுக்கு இடவலம் மாறிய படம் பிடித்தது, அவர்களுடைய நெருங்கியவர்களுக்கு நேர்ப்படம் பிடித்தது. அவரவர் தினம் பார்த்துப் பழகிய முகம் எதுவோ அது. ஆகவே எடுக்கப்பட்டவர் முகம் சுளித்தால், எடுத்த பிள்ளை மனம் உடையத் தேவையில்லை.

இதுவரை படம் எடுப்பவரின் கண். பார்த்துக் கருத்து சொல்கிறவரின் கண் மட்டும் நடுநிலையானதா?

ரஷ்ய விஞ்ஞானி ஆல்ஃபிரெட் யார்பஸ் கண்ணோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு சிறு கருவியைச் செய்து, பார்வை போகும் தடத்தைக் கோடுகளாகப் பதிவு செய்தார். அவர் காட்டிய ஓவியங்களில் ஒன்று இலியா ரெப்பின் வரைந்தது. நெடுங்காலம் வீட்டைப் பிரிந்திருந்த ஒருவர் எதிர்பாராமல் உள்ளே நுழைகிறார், குடும்பம் திகைத்து நிற்கிறது. ஒரே ஆளிடம் அதே ஓவியத்தைக் காட்டி, கேள்வியை மட்டும் மாற்றினார் யார்பஸ். இவர்களுக்கு என்ன வயதிருக்கும் என்று கேட்டால் கண் முகம் முகமாகத் தாவியது. வசதியானவர்களா என்றால் உடையிலும் மேஜை நாற்காலியிலும் உலவியது. வந்தவர் எவ்வளவு காலம் பிரிந்திருந்தார் என்றால், அவர் முகத்துக்கும் பிள்ளைகள் முகத்துக்கும் இடையே மாறி மாறி ஓடியது. ஓவியம் ஒன்றுதான். தடங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை.

என்ன பிழை என்ற கேள்வியோடு அன்று நான் படத்தைத் திறந்தேன். என் கண் நேராகக் கம்பத்துக்குப் போனது.

அவள் ஆறு மாதம் ஒதுங்கியதும் அதிசயமில்லை. 1996-ல் குளூகர், டெனிசி என்ற இருவர், ஒருவர் செய்த வேலையைப் பற்றி அவரிடமே கருத்து சொல்வது பற்றிய நூற்றுக்கணக்கான ஆய்வு முடிவுகளைத் திரட்டினார்கள். அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில், கருத்தைக் கேட்ட பிறகு வேலை மோசமாகியிருந்தது. கேட்பவரின் கவனம் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்ற பக்கம் திரும்பும்போது கருத்தின் பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். "உனக்கு இது வராது" மட்டும் இப்படித் திருப்புவதில்லை. "நீ பிறவிக் கலைஞி" என்பதும் திருப்பும். வாயில் எளிதாக வரும் "சூப்பர்" கூட எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை.

லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடனக் கலைஞர் இதற்கென்று ஒரு முறையை வகுத்திருக்கிறார். படைப்பைப் பார்த்தவர்கள் முதலில், தங்கள் மனத்தில் எது தங்கியது என்று சொல்லவேண்டும். பிறகு படைத்தவர் தனக்கு வேண்டியதைக் கேட்பார். அடுத்து பார்த்தவர்கள் கேட்கலாம், ஆனால் கேள்விக்குள் தீர்ப்பு ஒளிந்திருக்கக் கூடாது. "ஏன் இவ்வளவு இருட்டு?" என்பது கேள்வி வேடம் போட்ட குறை. "வெளிச்சத்தை எப்படி முடிவு பண்ணினே?" என்பதுதான் கேள்வி. அபிப்பிராயம் சொல்வது கடைசியில், அதுவும் படைத்தவர் சம்மதித்தால். நடனத்துக்கு என்று பிறந்த முறை, திண்ணைப் படத்துக்கும் பொருந்துகிறது.

ஆறு மாதம் கழித்து அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தப் பழைய படத்தை எடுத்து அவளிடம் நீட்டினேன். "இதை எடுக்கணும்னு ஏம்மா தோணுச்சு?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அம்மாச்சி பூவைப் பார்க்காமலே கட்டுது மாமா. தெருவுல போறவங்ககிட்டப் பேசிக்கிட்டே கட்டுது. விரல் மட்டும் தானா ஓடுது" என்றாள்.

படத்தில் விரல்களைத் தேடினேன். கீழே, இடது ஓரத்தில், ஒரு மொச்சைக்கொட்டை அளவுக்கு இருந்தன. கம்பத்தை நகர்த்தியிருந்தாலும் அவள் கண்டது அந்தப் படத்தில் வந்திருக்காது. நான்கு அடி முன்னால் போய்க் குனிந்திருந்தால் விரல்கள் நிறைந்திருக்கும், கம்பம் தானாக வெளியே போயிருக்கும். அதைத்தான் சொன்னேன், விரலும் கம்பியும் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கும் சோதனையையும் செய்து காட்டினேன். அவள் அம்மாச்சியைத் தேடிக்கொண்டு திண்ணைக்கு ஓடினாள்.

அன்று மாலை வந்த படத்தில் முகமே இல்லை. இரண்டு கைகள், மடியில் குவிந்த மொட்டு, ஈர வாழைநார். தெருப்பக்கத்திலிருந்து சாய்ந்து வரும் வெளிச்சத்தில் நரம்பு புடைத்த மணிக்கட்டு கூர்மையாக விழுந்திருந்தது. வலது கையின் இரண்டு விரல்கள் மட்டும் கலங்கிப் புகைபோல் இருந்தன. வெளிச்சம் குறைய, ஷட்டர் கூடுதல் நேரம் திறந்திருந்திருக்கிறது.

"எப்படி இருக்கு மாமா?"

அந்த மணிக்கட்டை விட்டுக் கண் எடுக்க முடியவில்லை என்று முதலில் சொன்னேன். பிறகு, "விரல் கலங்கியிருக்கிறதை என்ன நினைச்சு விட்டே?" என்று கேட்டேன்.

"தெளிவா விழுந்த படமும் ஒண்ணு இருக்கு மாமா" என்றாள். "அதுல அம்மாச்சி கை சும்மா இருக்கிற மாதிரி இருக்கு."