வெங்காயத்துக்குப் போட்ட வேலி

வெங்காயம் உரிப்பவருக்குக் கண்ணீர் வரும். விளைவித்தவனையும் அழவைத்தது டில்லி!

2023 ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீதத் தீர்வை விதித்தார்கள். "தீர்வை கட்டுகிறவன் வியாபாரி, விவசாயிக்கு என்ன நட்டம்?" என்பார் உண்டு. அவர்கள் நாசிக் மாவட்டத்து லாசல்காவ் ஏலக்களத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். டாக்காவிலும் கொழும்பிலும் வாங்குகிறவன், நம் தீர்வைக்காக விலையைக் கூட்டித் தருவானா? பாகிஸ்தான் சரக்கு போட்டிக்கு நிற்கிறதே! ஆகவே வியாபாரி தீர்வையைக் கழித்துக்கொண்டுதான் ஏலம் கேட்டான். கோடையில் அறுத்து, நல்ல விலைக்காகக் கொட்டகையில் காத்து வைத்தவன் தலையில்தான் அது விடிந்தது.

டிசம்பர் 8-ல் ஏற்றுமதிக்கே தடை. 2024 மே மாதம் தடை நீங்கியது (நாடாளுமன்றத் தேர்தல் நடந்துகொண்டிருந்த மாதம் அது!). தீர்வை முற்றும் ஒழிந்தது 2025 ஏப்ரல் 1-ல்தான்.

பட்டணத்து ஏழைக்கு மலிவாக வெங்காயம் கிடைக்கவேண்டும், மறுப்பாரில்லை. அந்தச் செலவை அரசாங்கக் கஜானா அல்லவா ஏற்கவேண்டும்? உழவன் மடியிலா கைவைப்பது? விலை ஏறுமுன்பே தீர்வையோடு ஓடிவந்தார்களே. அதே 2023 மார்ச்சில் விலை விழுந்து, நாசிக் விவசாயிகள் மும்பையை நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டபோது, இந்த வேகம் எங்கே போயிற்று?