பெயர் ஓரிடம், பட்டறை வேறிடம்

பனியே பெய்யாத துபாய் நகரத்தில், பனிமலைச் சரிவுகளில் சறுக்கி விளையாடுவதற்கான பலகைகளைச் செய்யும் பெரிய தொழிற்சாலையொன்று நடைபெற்று வருகிறதென்று சொன்னால், நம் வாசகர்களில் சிலர் நாம் பரிகாசம் செய்கிறோமென்று எண்ணக்கூடும். பரிகாசமன்று. அமெரிக்காவின் கீர்த்தி பெற்ற பனிச்சறுக்கு வீரரான ஜெரமி ஜோன்ஸ் என்பவரின் பெயர் தாங்கிய பலகைகளும், இன்னும் பல ஐரோப்பிய, அமெரிக்க முத்திரைகள் தாங்கிய பலகைகளும் அந்தப் பாலைவனப் பட்டறையிலிருந்தே கப்பலேறுகின்றன. அவற்றை வாங்கி ஆல்ப்ஸ் மலையிலும் ராக்கி மலையிலும் சறுக்குகிறவன், தன் காலடியிலுள்ள பலகை எந்த ஊர் வெயிலில் பிறந்தது என்பதைப் பெரும்பாலும் நினைப்பதேயில்லை. பலகையின் முகப்பில் வீரனின் பெயர் பெரிதாக இருக்கிறது. தேசத்தின் பெயர் சிறிய எழுத்தில் ஒரு மூலையில் ஒதுங்கியிருக்கிறது.

ஸ்நோபோர்டு என்னும் இந்தப் பனிப்பலகையின் சரித்திரம் நீண்டதன்று. 1965ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று, அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்து மஸ்கீகன் என்னும் ஊரில், ஷெர்மன் பாப்பன் என்பவர் தம் குழந்தைகள் விளையாடுவதற்காக இரண்டு ஸ்கீக் கட்டைகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்துப் பிணைத்துக் கொடுத்தார். அவர் மனைவி அதற்கு ‘ஸ்நர்பர்’ என்று பெயரிட்டார். அடுத்த ஆண்டே பிரன்ஸ்விக் கம்பெனி அதனை விளையாட்டுச் சாமானாகச் செய்து விற்கத் தொடங்கிற்று. 1977இல் ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் என்ற வாலிபர் வெர்மாண்ட் மாகாணத்து லண்டன்டெரியில் ஒரு சிறு பட்டறை வைத்து, மரத்தை ஒட்டியும் வளைத்தும் பலகைகள் செய்து பார்த்தார். பர்ட்டன் கம்பெனியின் ஆரம்பம் அதுதான். 1998இல் ஜப்பான் தேசத்து நகானோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு சேர்க்கப்பட்டது. குழந்தைகளின் பொழுதுபோக்கு ஒரு தலைமுறைக்குள் சர்வதேசப் போட்டியாகிவிட்டது.

இந்தப் பலகைகளிலும் ஒரு ஜாதி உண்டு. அதனைக் ‘கார்விங்’ பலகை என்பர். சாதாரணப் பலகையில் நிற்பவன் திரும்பும்போது பனியை வாரிச் சிதறடித்துக்கொண்டு வழுக்குவான். கார்விங் பலகையில் நிற்பவனோ, பலகையை ஒருபுறமாகச் சாய்த்து, அதன் எஃகு விளிம்பைப் பனியில் பதித்து, கத்தியால் கீறினாற்போல ஒரே மெல்லிய கோட்டை வரைந்துகொண்டு போவான். இது எவ்விதம் நிகழ்கிறதென்றால், பலகையின் இடை சற்றே ஒடுங்கியும், இரு முனைகள் அகன்றும் இருக்கின்றன. சாய்த்து அழுத்தினால் அந்த ஒடுக்கம் பனியைத் தொடும்வரை பலகை வளைகிறது. வளைந்த விளிம்பின் வழியே அது தானாகத் திரும்புகிறது. விளிம்பின் வளைவு 15 மீட்டர் ஆரமுள்ளதாக இருந்து, பலகையை 60 பாகை சாய்த்தால், திருப்பத்தின் ஆரம் ஏறக்குறைய பாதியாக, அதாவது ஏழரை மீட்டராகக் குறைந்துவிடும். சாதாரணப் பலகையின் இடையகலம் சுமார் 25 சென்டிமீட்டர் இருக்க, கார்விங் பலகை 18 அல்லது 20 சென்டிமீட்டரே இருக்கும். அதில் நிற்பவன் வழக்கமான மெல்லிய பாதரட்சையை விட்டு, கெட்டியான பிளாஸ்டிக் பூட்ஸ் அணிந்து, பாதங்களை முன்னோக்கித் திருப்பி வைக்கிறான். இல்லாவிடில் சாயும்போது கால்விரல் பனியில் உரசி, ஆள் விழுந்துவிடுவான்.

இடை ஒடுங்கிய இந்த அமைப்பு அமெரிக்கர் கண்டுபிடித்ததென்று எண்ணவேண்டாம். நார்வே தேசத்து டெலிமார்க் பிரதேசத்தில் சோந்திரே நோர்ஹைம் என்னும் எளிய குடியானவர் 19ஆம் நூற்றாண்டிலேயே இவ்விதம் ஒடுங்கிய ஸ்கீக் கட்டைகளைக் கொண்டு வித்தை காட்டியிருக்கிறார். 1993இல் ஸ்லோவீனியாவின் பெகுன்யே என்ற சிற்றூரிலுள்ள எலான் தொழிற்சாலை, இந்த ஒடுக்கத்தை அதிகமாக்கிச் செய்த ஸ்கீக் கட்டை உலகத்தின் சறுக்குமுறையையே மாற்றியது. ஐரோப்பாவில் வல்லரசு என்று ஒருவரும் சொல்லாத ஒரு சிறு நாடு அது.

இனி, பலகையைப் பிளந்து பார்ப்போம். நடுவே மரக்கீற்றுகளை ஒட்டிய இருதயப் பகுதி. நெட்டிலிங்க இன மரம், பீச் மரம், ஆஷ் மரம், சீனாவில் ஏராளமாக வளரும் பாலோனியா மரம் ஆகியவை இதற்கு உதவுகின்றன. அதன் மேலும் கீழும் கண்ணாடி நாரை எபாக்ஸிப் பசையில் தோய்த்துப் பரப்புகிறார்கள். அடியில் மெழுகை உறிஞ்சக்கூடிய பாலிஎதிலீன் தகடு. சுற்றிலும் எஃகு விளிம்பு. மேலே சித்திரம் தீட்டிய உறை. இவையனைத்தையும் அச்சில் அடுக்கி, சூடான அமுக்கு யந்திரத்தில் வைத்து இறுக்கினால் பலகை பிறக்கிறது. பந்தயத்துக்கான கார்விங் பலகையில் இவற்றோடு ‘டைட்டானல்’ என்னும் உலோகத் தகடும் சேரும். பெயரைக் கேட்டால் டைட்டானியம் என்று தோன்றும். உண்மையில் அது துத்தநாகமும் மக்னீஸியமும் செம்பும் கலந்த அலுமினியமே. பெயர் வைப்பவர்கள் எவ்வளவு சமர்த்தர்கள்! அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுள்ள அந்தத் தகடு, உறைபனியின் மேல் பலகை அதிர்வதை அடக்குகிறது. அதனைச் செய்வது ஆஸ்திரியாவில் ரான்ஸ்ஹோபனிலுள்ள ஓர் உலோக ஆலை. அமெரிக்காவின் கொலராடோவில் தன் கையாலேயே பலகை செய்யும் தொழிலாளியும் தகட்டுக்கு ஆஸ்திரியாவையே எதிர்நோக்க வேண்டியிருக்கிறது.

இதைச் சொல்வதற்குக் காரணமுண்டு. ஒரு தொழில் ஏன் ஓர் ஊரைவிட்டு இன்னோர் ஊருக்குப் போகிறது என்ற கேள்விக்கு, ‘கூலி மலிவு’ என்ற ஒரே விடையைக் கேட்டுக் கேட்டு நாம் பழகியிருக்கிறோம். பர்ட்டன் கம்பெனியின் கதை அவ்விடைக்கு முழுவதும் அடங்கவில்லை. 1980களின் நடுவில், எஃகு விளிம்பும் வழுக்கும் அடித்தகடும் வைத்துப் பலகை செய்யவேண்டுமென்று ஜேக் பர்ட்டன் விரும்பியபோது, அவ்வித்தை அறிந்தவர்கள் ஸ்கீக் கட்டை செய்யும் ஆஸ்திரியத் தொழிலாளிகளே. ஆகவே அவர் ஆஸ்திரியாவில் உட்டன்டார்ப் என்னும் ஊரிலுள்ள தொழிற்சாலைக்குப் போனார். வெர்மாண்டிலும் உற்பத்தி நடந்துகொண்டுதான் இருந்தது. 2010இல் தெற்கு பர்லிங்டனிலிருந்த அத்தொழிற்சாலையை மூடி, அங்கே செய்துவந்த பலகைகளையும் ஆஸ்திரியாவுக்கே மாற்றுவதாகக் கம்பெனி அறிவித்தது. வெர்மாண்டில் செய்வதைவிட ஆஸ்திரியாவில் செய்வது வெகுவாகச் செலவு குறைவு என்பதே அவர்கள் கூறிய காரணம். நாற்பத்து மூன்று பேர் வேலையிழந்தனர். ஆஸ்திரியா கூலி மலிந்த தேசமா? அன்று. தொழிற்சங்கங்கள் வலுவாயுள்ள, சம்பளத்தோடு விடுமுறையும் முதுமைக்கால உதவியும் சட்டப்படி கிடைக்கிற தேசம் அது. அங்கே தகடு பக்கத்தில் கிடைக்கிறது. அமுக்கு யந்திரம் பழுதானால் சரிசெய்யும் ஆள் பக்கத்தில் இருக்கிறான். தகப்பன் ஸ்கீக் கட்டை செய்த பட்டறையில் மகன் பனிப்பலகை செய்கிறான். ஊரோடு ஊறிய கைத்திறனுக்கும் ஒரு விலை உண்டென்பதை முதலாளிகளின் கணக்குப் புத்தகமே ஒப்புக்கொண்டிருக்கிறது.

பர்லிங்டனில் எஞ்சியது மாதிரிப் பலகைகள் செய்து பார்க்கும் பட்டறை. 2003இல் பனிச்சரிவில் சிக்கி மாண்ட கிரெய்க் கெல்லி என்ற வீரரின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். யோசனை அங்கே, உற்பத்தி கடல் கடந்து. இந்தப் பங்கீடு நீடித்து நிலைக்குமா என்பதில் நமக்குச் சந்தேகமுண்டு. நூறு பலகையை அமுக்கிப் பார்த்த கைக்கே நூற்றோராவது பலகையில் என்ன குறை என்று தெரியும். அந்தக் கைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் யோசனையும் நாளடைவில் வறண்டுபோகாதா?

எல்லோரும் போய்விடவில்லை. வாஷிங்டன் மாகாணத்தில் ஸீக்விம் ஊரருகே மெர்வின் ஸ்தாபனத்தார் தம் பலகைகளை இன்றும் அங்கேயே செய்கிறார்கள். ‘கானடாவுக்கு அருகே கையால் செய்தது’ என்று வேடிக்கையாகப் பொறித்தும் கொள்கிறார்கள். காபிட்டா என்னும் அமெரிக்க முத்திரைக்காரர்கள் ஆஸ்திரியாவின் தென்கோடியில் பைஸ்ட்ரிட்ஸ் கிராமத்தில் தமக்கென்று ஆலை அமைத்து நீர்மின்சாரத்தால் நடத்துகிறார்கள். பூட்ஸின் கதை வேறு. இத்தாலியில் மாண்டிபெல்லூனா என்ற ஊர் தலைமுறை தலைமுறையாக மலைப் பூட்ஸுக்குப் பேர்போனது. 1990களிலிருந்து அவ்வூர்க் கம்பெனிகள் பல, தையல் வேலையை ருமேனியாவின் டிமிஷோரா நகரத்துக்கு அனுப்பிவிட்டன. இங்கே கூலி மலிவு என்ற விடை நன்றாகவே பொருந்துகிறது.

பொருளின் பிறப்பிடத்தை அதன் மேலேயே பொறிக்கவேண்டுமென்பது புதிய கோரிக்கையன்று. பிரிட்டிஷ் சரக்கென்று மயங்கும்படி வந்திறங்கிய அந்நியச் சாமான்களில் பிறப்பிடத்தைக் காட்டவேண்டுமென்று 1887இல் இங்கிலாந்து சட்டம் செய்தது. ஜெர்மன் சரக்கை அவமதிக்கவே அது செய்யப்பட்டது. நடந்ததோ வேறு: ‘ஜெர்மனியில் செய்தது’ என்ற சொற்றொடரே சில ஆண்டுகளில் தரத்துக்கு முத்திரையாகிவிட்டது. அமெரிக்கா 1930ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தால் இறக்குமதிச் சரக்கு அனைத்திலும் தேசப் பெயரைப் பொறிக்கச் செய்தது. ஸ்விட்ஸர்லாந்து 2017 முதல், உற்பத்திச் செலவில் நூற்றுக்கு அறுபது பங்காவது தன் நாட்டில் ஆகியிருந்தாலன்றி, தொழிற்சாலைப் பொருள்களில் தன் பெயரை உபயோகிக்கக்கூடாதென்று விதித்திருக்கிறது. நம் தேசத்திலும் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, இணையவழி வியாபாரிகள் சரக்கு எந்த நாட்டினதென்று வாங்குவோருக்குத் தெரிவிக்கவேண்டும்.

ஆனால் தேசத்தின் பெயர் மட்டும் போதுமா? சியால்கோட் என்ற ஒரு பட்டணத்தை எடுத்துக்கொள்வோம். உலகத்தில் கையால் தைத்த கால்பந்துகளில் பெரும்பகுதி நெடுங்காலம் அங்கிருந்தே வந்தது. 1947இல் தேசம் பிளவுபட்டபோது அவ்வூர்த் தொழிலாளிகளிலும் முதலாளிகளிலும் ஹிந்துக்களும் சீக்கியர்களும் ஜலந்தருக்கும் மீரட்டுக்கும் வந்து குடியேறினார்கள். வீட்டையும் நிலத்தையும் விட்டுவந்தவர்கள் ஊசியையும் திறமையையும் விட்டு வரவில்லை. ஜலந்தரின் விளையாட்டுச் சாமான் தொழிலை இன்றளவில் வளர்த்தவர்கள் அவர்களே. எல்லைக்கு அப்பால் சியால்கோட்டில் சிறு குழந்தைகள் வீடுகளில் உட்கார்ந்து பந்து தைப்பதை உலகம் அறிந்து கண்டித்தபோது, 1997இல் அவ்வூர் வியாபார சபையார் சர்வதேசத் தொழில் ஸ்தாபனத்தோடும் யூனிஸெப் ஸ்தாபனத்தோடும் உடன்படிக்கை செய்துகொண்டு, தையலை வீடுகளிலிருந்து கண்காணிப்புள்ள கூடங்களுக்கு மாற்றினார்கள். ஊரின் பெயர் தெரிந்திருந்ததனாலன்றோ அவ்வூரைக் கேள்வி கேட்க முடிந்தது! அதே சியால்கோட்டில் செய்த பந்துகள் 2014இல் பிரேஸில் உலகக் கோப்பையில் உதைபட்டன.

கார்விங் பலகைக்காரர்களிடம் இக்கேள்வி எழுவதேயில்லை என்பது கவனிக்கத்தக்கது. பெரிய கம்பெனிகள் போதிய விற்பனையில்லையென்று பந்தயப் பலகைகளைக் கைவிட்டபின், அந்த வேலை சிறு பட்டறைகளின் கைக்கு வந்தது. ஸ்விட்ஸர்லாந்தின் கெஸ்லர், கொலராடோவின் டொனெக், கானடாவின் காய்லர் ஆகியோர் அத்தகையவர்கள். வாங்குகிறவன் தன் எடை, பாதத்தின் நீளம், எவ்விதப் பனியில் எவ்வளவு வேகத்தில் போவான் என்பதையெல்லாம் எழுதி அனுப்புகிறான். செய்கிறவன் அதற்கேற்ப மரத்தின் கனத்தையும் விளிம்பின் வளைவையும் தீர்மானிக்கிறான். பலகை கைக்கு வர மாதக்கணக்கில் காத்திருப்பவர்களும் உண்டு. யார் செய்தது, எங்கே செய்தது என்று அவர்களுக்குச் சீட்டு ஒட்டித் தெரிவிக்கவேண்டியதில்லை.

எல்லாப் பொருளையும் இவ்விதம் வாங்க முடியாதென்பது வாஸ்தவம். திருவண்ணாமலை ஜில்லா செய்யாற்றில் தைவான் தேசத்துப் பெங் டே கம்பெனியார் நடத்தும் ஆலையில், நைக்கி என்ற அமெரிக்க முத்திரை தாங்கிய பாதரட்சைகள் செய்யப்படுகின்றன. சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வரும் பெண்களே அங்கு பெரும்பாலும் வேலை செய்கிறார்கள். முத்திரை ஒரு தேசம், முதல் இன்னொரு தேசம், உழைப்பு நம் ஜில்லா. பாதரட்சையின் உட்புறத்தில் ‘இந்தியாவில் செய்தது’ என்று மட்டும் அச்சிட்டிருக்கிறது. நைக்கி கம்பெனியார் தம் ஒப்பந்த ஆலைகளின் பட்டியலை 2005 முதல் வெளியிட்டு வருகிறார்கள். ஊரின் பெயர் அவர்களுக்குத் தெரியாததுமன்று, வெளியிட முடியாததுமன்று. அந்தப் பட்டியலில் உள்ள ஊரை அந்தச் சீட்டிலேயே, தேசத்தின் பெயருக்கு அடுத்தாற்போல ஒரு வரியில் அச்சிடும்படி 2020ஆம் ஆண்டு விதிகளைச் சர்க்கார் திருத்தவேண்டுமென்று நாம் கோருகிறோம். அதற்கு ஆகும் செலவு சிறிதளவு மையே.