திரைப்படக் களஞ்சியமும் பெருநிறுவன இணைப்பும்: ஹாலிவுட் உரிமைக் குவிப்பு குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்கத் திரைப்படத் துறையில் நிகழ்ந்துவரும் பெருநிறுவன இணைப்புகள் பெரும்பாலும் அவற்றின் விலையைக் கொண்டே பேசப்படுகின்றன. அவ்விணைப்புகளில் உண்மையில் கைமாறும் பொருள் யாது என்னும் வினாவை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. முன்னரே எடுக்கப்பட்ட படங்களின் உரிமைத் தொகுதியே இணைப்புகளின் மையப் பொருள் என்பதும், 1948ஆம் ஆண்டுத் தீர்ப்புப் பிரித்துவைத்த தயாரிப்பும் காட்சிப்படுத்தலும் ஓடிடி தளங்களில் மீண்டும் ஒன்றாகியுள்ளன என்பதும், இவற்றால் ஒரு படைப்பு மக்களுக்குக் கிடைப்பது நிறுவனக் கணக்கைச் சார்ந்ததாகிறது என்பதும் இங்கு விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பெருநிறுவன இணைப்பு, படக் களஞ்சியம், ஓடிடி தளம், பாரமவுண்ட் தீர்ப்பு, உரிமைக் குவிப்பு.

முன்னுரை

2025 டிசம்பரில் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தின் படப்பிரிவையும் எச்.பி.ஓ. மேக்ஸ் தளத்தையும் வாங்க நெட்ஃபிளிக்ஸ் ஒப்பந்தம் செய்துகொண்டதாக அறிவித்தது. கடன்களையும் சேர்த்து அதன் மதிப்பு 8,270 கோடி டாலர். சில நாள்களுக்குள் பாரமவுண்ட் ஸ்கைடான்ஸ், தொலைக்காட்சி அலைவரிசைகள் உட்பட வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி நிறுவனம் முழுவதையும் 10,840 கோடி டாலர் மதிப்பில் வாங்க முன்வந்தது. ஒரு நிறுவனம் அலைவரிசைகளை விலக்கியது. மற்றொன்று அவற்றையும் கேட்டது. எனினும் இரு நிறுவனங்களும் தவறாமல் கேட்டவை இரண்டு: ஒரு நூற்றாண்டுப் படங்களின் உரிமை, அவற்றைப் பார்வையாளரிடம் கொண்டுசேர்க்கும் தளம். இவ்விரண்டும் ஒரே கையில் சேர்வதன் பொருளை அறிய, அவை முன்னர் ஏன் பிரிக்கப்பட்டன என்பதை அறிதல் வேண்டும்.

இணைப்பின் இரு வகைகள்

பெருநிறுவன இணைப்புகளைக் கிடைநிலை இணைப்பு, நிலைக்குத்து இணைப்பு என இரண்டாகப் பகுக்கலாம். ஒரே தொழிலைச் செய்யும் இரு நிறுவனங்கள் ஒன்றாவது கிடைநிலை இணைப்பு. படம் எடுக்கும் டிஸ்னி, படம் எடுக்கும் ஃபாக்ஸை வாங்கியது இதற்குச் சான்று. தயாரிப்பு, விநியோகம், காட்சிப்படுத்தல் என்னும் அடுத்தடுத்த படிநிலைகள் ஒரே உடைமையின்கீழ் வருவது நிலைக்குத்து இணைப்பு. தொலைத்தொடர்பு நிறுவனமான ஏடி அண்ட் டி, டைம் வார்னரை 2018இல் வாங்கியது இதற்குச் சான்று. முதல்வகை விற்போரின் எண்ணிக்கையைக் குறைக்கிறது. இரண்டாம்வகை, விற்பவரும் கடைக்காரரும் ஒருவரேயாகும் நிலையை உருவாக்குகிறது. இன்றைய இணைப்புகளில் இவ்விரு வகைகளும் ஒருங்கே அமைகின்றன.

1948ஆம் ஆண்டுத் தீர்ப்பு

1930களிலும் 1940களிலும் பாரமவுண்ட், எம்.ஜி.எம்., வார்னர் பிரதர்ஸ், டுவென்டியத் சென்சுரி ஃபாக்ஸ், ஆர்.கே.ஓ. ஆகிய ஐந்து பெருநிறுவனங்களும் படங்களைத் தயாரித்தன, தாமே விநியோகித்தன, முதன்மை நகரங்களின் சிறந்த திரையரங்குகளையும் தம் குழுமங்களின்கீழ் வைத்திருந்தன. தனியார் திரையரங்குகள் ஒரு நல்ல படத்தைப் பெற, அதனுடன் வேண்டாத பல படங்களையும் கட்டாயமாக ஏற்க வேண்டியிருந்தது. கட்டு விற்பனை எனத்தக்க இம்முறை, மோசமான படத்திற்கும் திரையை உறுதிசெய்தது. வெளியார் எடுத்த நல்ல படத்திற்குத் திரையை மறுத்தது.

1938இல் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில் 1948ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டு விற்பனை சட்டத்திற்குப் புறம்பானதெனக் கொள்ளப்பட்டது. தொடர்ந்து அமைந்த உடன்பாட்டு ஆணைகளின்படி பெருநிறுவனங்கள் தம் திரையரங்குகளைப் பிரித்துவிட்டன. படம் எடுப்பவர் வேறு, காட்டுபவர் வேறு என்னும் இவ்வேற்பாடு எழுபதாண்டுகளுக்கும் மேலாகச் சட்டப் பின்புலமாக இருந்தது. சந்தை மாறிவிட்டது என்னும் காரணத்தைக் காட்டி அரசே கோரியதன்பேரில், 2020 ஆகஸ்டில் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அவ்வாணைகளை முடிவுக்குக் கொண்டுவந்தது. கட்டு விற்பனை உள்ளிட்ட சில தடைகளுக்கு மட்டும் இரண்டாண்டு இடைக்காலம் அளிக்கப்பட்டது.

ஒரு படத்தின் உரிமைப் பயணம்

திரையரங்குகளை இழந்த நிறுவனங்கள் வருவாய் குறைந்த நிலையில் தம் பழைய படங்களை விற்கத் தொடங்கின. ஒருமுறை ஓடி முடிந்த படத்திற்கு மறுவாழ்வில்லை என்பது அன்றைய கணிப்பு. அக்கணிப்பு எவ்வளவு தவறானது என்பதைக் ‘காசாபிளாங்கா’ படத்தின் உரிமை வரலாறு காட்டுகிறது.

1942இல் வார்னர் பிரதர்ஸ் தயாரித்த இப்படம், 1956இல் அந்நிறுவனத்தின் 1950க்கு முந்தைய படங்களோடு சேர்த்து அசோசியேட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் புரொடக்ஷன்ஸ் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. முழுத் தொகுதியின் விலை 2.1 கோடி டாலர். 1958இல் அத்தொகுதி யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸிடம் சென்றது. 1981இல் எம்.ஜி.எம்., யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸை வாங்கியது. 1986இல் டெட் டர்னர் எம்.ஜி.எம்.மை வாங்கினார். கடன்சுமை மிகுந்ததால் படப்பிடிப்பு வளாகம் உள்ளிட்ட பிற பகுதிகளைச் சில மாதங்களிலேயே விற்றுவிட்ட அவர், படக் களஞ்சியத்தை மட்டும் கைவிடவில்லை. 1996இல் டர்னரின் நிறுவனம் டைம் வார்னருடன் இணைந்தபோது, படம் தன்னை உருவாக்கிய நிறுவனத்தின் குடும்பத்திற்கே திரும்பியது. பின்னர் 2001இல் ஏ.ஓ.எல்., 2018இல் ஏடி அண்ட் டி, 2022இல் டிஸ்கவரி என அக்குடும்பத்தின் உடைமை மேலும் மாறியது.

இந்நெடிய பயணத்தில் படத்தின் ஒரு காட்சியும் மாறவில்லை. அதைக் காட்டும் அதிகாரமே மாறியது. டர்னரின் முடிவு இங்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. அவர் வளாகத்தைப் புதிய படம் எடுக்கும் கருவியாகவும், களஞ்சியத்தைத் தம் தொலைக்காட்சி அலைவரிசைகளை நாள்தோறும் நிரப்பும் ஊற்றாகவும் கண்டார். 1994இல் தொடங்கிய டர்னர் கிளாசிக் மூவீஸ் அலைவரிசை அக்களஞ்சியத்தின்மீதே எழுந்தது. பிற்கால இணைப்புகள் பலவற்றின் அடிப்படையும் இதுவே. 2022இல் அமேசான் எம்.ஜி.எம்.மை 845 கோடி டாலருக்கு வாங்கியபோது, 4,000க்கும் மேற்பட்ட படங்களும் 17,000 தொலைக்காட்சிப் பகுதிகளுமே முதன்மைச் சொத்தாக முன்னிறுத்தப்பட்டன.

ஓடிடி தளமும் நிலைக்குத்து இணைப்பின் மீட்சியும்

2007இல் இணையவழிச் சேவையைத் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸ், தொடக்கத்தில் பிறர் படங்களை உரிமக் கட்டணம் செலுத்திக் காட்டும் கடையாகவே இருந்தது. அக்கடை வளர்ந்தபோது, தம் சரக்கைக்கொண்டே பிறர் வளர்வதைப் படநிறுவனங்கள் உணர்ந்தன. 2017 ஆகஸ்டில் டிஸ்னி தன் படங்களை நெட்ஃபிளிக்ஸுக்கு அளிப்பதை நிறுத்திக்கொண்டு, சொந்தத் தளம் தொடங்கப்போவதாக அறிவித்தது. தளம் தொடங்கியவருக்குப் பார்வையாளரை மாதந்தோறும் தக்கவைக்கும் அளவுக்குப் படைப்புகள் தேவை. புதிதாக எடுப்பதற்குக் காலமும் பொருளும் மிகுதியாகும். எடுத்து முடித்தவற்றை மொத்தமாக வாங்குவது விரைவானது. 2019 மார்ச்சில் 7,130 கோடி டாலர் மதிப்பில் டுவென்டிஃபர்ஸ்ட் சென்சுரி ஃபாக்ஸை டிஸ்னி கையகப்படுத்தியதும், அதே ஆண்டு நவம்பரில் டிஸ்னி பிளஸ் தளம் தொடங்கியதும் இத்தொடர்பால் விளங்கும். அதனுடன் ஹாலிவுட்டின் ஆறு பெருநிறுவனங்கள் ஐந்தாயின.

1948இல் பிரிக்கப்பட்ட படிநிலைகள் இவ்வாறு மீண்டும் ஒன்றுசேர்ந்தன. திரையரங்கின் இடத்தில் தளம் அமர்ந்தது. பார்வையாளர் ஒரு படத்திற்காகச் சந்தா செலுத்தும்போது தளத்திலுள்ள அனைத்திற்கும் சேர்த்தே செலுத்துகிறார். பழைய கட்டு விற்பனையில் திரையரங்க உரிமையாளர் இருந்த இடத்தில் இன்று பார்வையாளர் இருக்கிறார் எனலாம். ஆயினும் இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. சந்தாதாரர் விரும்பும்போது விலகலாம். அன்றைய திரையரங்கு உரிமையாளருக்கு அவ்வுரிமை நடைமுறையில் இல்லை. எனினும் விலகிச் செல்வதற்கு வேறு தளங்கள் இருந்தால்தான் அவ்வுரிமை பொருளுடையதாகும். தளங்களும் ஒன்றோடொன்று இணையும்போது அப்பொருள் தேய்கிறது.

கடனும் விலக்கப்படும் படைப்புகளும்

பெரும்பாலான இணைப்புகள் கடனால் நிகழ்கின்றன. 2022 ஏப்ரலில் வார்னர்மீடியா ஏடி அண்ட் டி-யிலிருந்து பிரிந்து டிஸ்கவரியுடன் சேர்ந்தபோது, ஏடி அண்ட் டி பெற்ற 4,000 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையின் சுமை புதிய நிறுவனத்தின்மீது விழுந்தது. கடனைக் குறைப்பதற்குச் செலவைக் குறைக்க வேண்டும். அதே ஆண்டு ஆகஸ்டில், ஏறத்தாழ 9 கோடி டாலர் செலவில் படப்பிடிப்பு முடிந்திருந்த ‘பேட்கேர்ல்’ படத்தை வெளியிடுவதில்லை என அந்நிறுவனம் முடிவுசெய்தது. வெளியிடாத படத்தை இழப்பாகக் கணக்கில் எழுதி வரிச்சலுகை பெறுவது இத்தகைய முடிவின் பொருளாதாரக் காரணமாகும். படத்தின் தரம் பற்றிய தீர்ப்பைப் பார்வையாளர் வழங்குவதற்கு வாய்ப்பே எழவில்லை.

முன்னரே வெளிவந்த படைப்புகளும் இதற்கு விலக்கல்ல. 2022 டிசம்பரில் ‘வெஸ்ட்வேர்ல்ட்’ தொடர் எச்.பி.ஓ. மேக்ஸிலிருந்து நீக்கப்பட்டது. 2022 நவம்பரில் டிஸ்னி பிளஸில் தொடங்கிய ‘வில்லோ’ தொடர் 2023 மேயில், அதாவது ஆறு மாதங்களில், விலக்கப்பட்டது. தளத்திற்கெனவே எடுக்கப்பட்டு, குறுந்தகடாகவோ தொலைக்காட்சி ஒளிபரப்பாகவோ வெளிவராத படைப்பு நீக்கப்படுமாயின், அதைச் சட்டப்படி காண வேறு வழி இராது. அச்சில் இல்லாத நூல் ஏதேனும் ஒரு நூலகத்திலேனும் கிடைக்கும். நூலை வாங்கிய நூலகம் அதன் படிக்கு உடைமையாளர். தளத்தின் சந்தாதாரரோ எதற்கும் உடைமையாளர் அல்லர். திரைப்படத்தை ஆய்வுப் பனுவலாகக் கொள்ளும் கல்விப்புலத்திற்கு இவ்வேறுபாடு அடிப்படையானது. மேற்கோள் காட்டப்பட்ட பனுவலை மற்றோர் ஆய்வாளர் சரிபார்க்க இயலாதெனில் ஆய்வின் நம்பகத்தன்மையே குன்றும்.

படைப்பாளர்க்கும் இதில் இழப்புண்டு. ஒரு படைப்பு மீண்டும் காட்டப்படுவதற்காகப் பெறும் எச்ச ஊதியம், அது நீக்கப்பட்டபின் வாரா. 2023இல் எழுத்தாளர் சங்கம் 148 நாள்களும் நடிகர் சங்கம் 118 நாள்களும் நடத்திய வேலைநிறுத்தங்களில் ஓடிடி தளங்களின் எச்ச ஊதியம் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. கதையை வாங்குவோர் குறையுமிடத்து விற்போரின் பேரவலிமை குறையும் என்பதும் இதனோடு இயைந்தது.

இணைப்பை ஆதரிப்போரின் வாதங்களும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. பழைய படச்சுருள்களைப் பாதுகாத்து மீட்டெடுக்கப் பெருஞ்செலவாகும். சிதறிய சிறு உடைமையாளர்களால் அது இயலாமற் போகலாம். டர்னரிடம் ஒன்றுதிரண்ட களஞ்சியம் புதிய தலைமுறைப் பார்வையாளரைப் பெற்றது உண்மை. ஆகவே குவிப்பு தன்னளவில் அழிவன்று. களஞ்சியத்தைக் காட்டுவதில் ஆதாயம் இருக்கும்வரை அது பேணப்படும். மறைப்பதில் ஆதாயம் தோன்றும்போது அதைத் தடுக்கப் புறநிலை விதி ஏதுமில்லை என்பதே சிக்கல்.

இந்தியச் சூழலும் தமிழும்

ஹாலிவுட் இணைப்பின் விளைவு தமிழ்ப் பார்வையாளரையும் நேரடியாக அடைந்தது. ஃபாக்ஸை வாங்கியதன் வழியாகவே ஸ்டார் இந்தியாவும் அதன் ஸ்டார் விஜய் அலைவரிசையும் ஹாட்ஸ்டார் தளமும் டிஸ்னியின் உடைமையாயின. 2024 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம், நிறுவனங்கள் முன்வந்து ஏற்ற மாற்றங்களுடன், ரிலையன்ஸின் வையாகாம்18 நிறுவனமும் ஸ்டார் இந்தியாவும் இணைய ஒப்புதல் அளித்தது. நவம்பரில் 70,352 கோடி ரூபாய் மதிப்பிலான கூட்டு நிறுவனம் அமைந்தது. போட்டியாக இருந்த ஸ்டார் விஜய்யும் கலர்ஸ் தமிழும் ஒரே நிறுவனத்தின்கீழ் வந்தன. 2025 பிப்ரவரியில் ஜியோசினிமாவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் ஜியோஹாட்ஸ்டார் என ஒன்றாயின.

தமிழ்த் திரைத்துறையின் உரிமை அமைப்பு ஹாலிவுட்டினின்று வேறானது. இங்குத் தயாரிப்பாளர் திரையரங்க உரிமையை ஏரியா வாரியாகவும், தொலைக்காட்சி, ஓடிடி, இசை உரிமைகளைத் தனித்தனியாகவும் விற்பது பெருவழக்கு. எனவே களஞ்சியம் ஒரே நிறுவனத்தில் திரள்வதினும், வாங்குவோர் குறைவதே இங்கு முதலில் உணரப்படும் விளைவாகும். தொலைக்காட்சி உரிமைக்கு ஒருவர், ஓடிடி உரிமைக்கு மற்றொருவர் எனப் போட்டியிட்ட இடத்தில் ஒருவரே இரண்டையும் கேட்கும்போது, பேரம் தயாரிப்பாளர் கையிலிருந்து நழுவும். அதே வேளையில் உரிமைகள் சிதறிக் கிடப்பதால், பழைய தமிழ்ப்படம் ஒன்றின் உடைமையாளர் யாவர் என்பதை அறிவதே கடினமாகும் நிலையும் உண்டு. குவிப்பு, சிதறல் என்னும் இரண்டும் வெவ்வேறு வழிகளில் படத்தைப் பார்வையினின்று அகற்றக்கூடும்.

முடிவுரை

திரைப்பட நிறுவன இணைப்புகளில் விலைபேசப்படுவது எதிர்காலப் படங்களைக் காட்டிலும் கடந்தகாலப் படங்களே என்பது ‘காசாபிளாங்கா’வின் உரிமை வரலாற்றால் புலனாகிறது. தயாரிப்பையும் காட்சிப்படுத்தலையும் பிரித்த 1948ஆம் ஆண்டு ஏற்பாடு, ஓடிடி தளங்களின் வருகையால் நடைமுறையிலும் 2020ஆம் ஆண்டு ஆணையால் சட்டத்திலும் முடிவுற்றது. இணைப்பால் விளையும் கடன், படைப்பை வெளியிடுவதைக் காட்டிலும் விலக்குவதை ஆதாயமாக்கும் சூழலை உருவாக்குகிறது. போட்டிச் சட்டம் விலையையும் சந்தைப் பங்கையும் அளக்க வல்லது. ஒரு படைப்பு தொடர்ந்து கிடைப்பதை அளக்கும் கருவி அதனிடம் இல்லை. வெளியிடப்பட்ட ஒவ்வொரு படைப்பின் ஒரு படியைப் பொதுக் காப்பகத்தில் வைக்கும் கடப்பாட்டை இணைப்பு ஒப்புதலின் நிபந்தனையாக்குவது அவ்விடைவெளியை ஓரளவு நிரப்பும். நூலுக்கு இந்தியாவில் 1954ஆம் ஆண்டுச் சட்டத்தால் வகுக்கப்பட்ட நெறி அது, திரைப்படத்திற்கும் பொருந்துவதே.