புகைபோக்கிக்குள் ஒளிந்திருக்கும் எரிபொருள்

அடுப்பில் எரிய வேண்டிய நெருப்பு, புகைபோக்கிக்குள் ஏறி எரிவது எதனால்? குளிர் மிகுந்த ஜெர்மனி போன்ற நாடுகளில், வீட்டைச் சூடாக்க விறகு எரிக்கும்போது எழும் புகை மேலே செல்லச் செல்லக் குளிர்ந்து, அதிலுள்ள எரியாத ஆவிகள் புகைபோக்கியின் உட்சுவரில் தார் போன்ற கரும்பிசினாகப் படிகின்றன. கிரியோசோட் எனப்படும் இப்படிவு தானும் எரியக்கூடிய பொருளாதலால், அடுப்பின் தழல் மேலெழுந்து தீண்டினால் பேரிரைச்சலோடு பற்றிக்கொண்டு, சுவரில் விரிசல் உண்டாக்கிக் கூரைக்கும் தீயைக் கடத்திவிடக்கூடும். ஈர விறகின் வெப்பத்தில் ஒரு பகுதி, அதிலுள்ள நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுவதால், புகை விரைவில் குளிர்ந்து படிவு மேலும் தடிக்கிறது. இத்தகைய தீவிபத்தைத் தடுக்கும் பொருட்டு, புகைபோக்கிகளைக் குறித்த காலத்தில் துப்புரவு செய்வதை ஜெர்மனி சட்டத்தால் கட்டாயமாக்கியுள்ளது. கறுப்பு உடையில் தூரிகையோடு வரும் துப்புரவாளர் எதிர்ப்படுவது நல்ல சகுனம் என்றும் அங்குள்ள மக்கள் கருதுகின்றனர். நன்கு உலர்ந்த விறகும், ஆண்டுக்கு ஒரு முறையேனும் செய்யப்படும் துப்புரவும், புகைபோக்கி உள்ள எந்த வீட்டுக்கும் இன்றியமையாதவை என்பதை நேயர்கள் நினைவில் கொள்வது நலம்.