எம்.பி.ஏ. மாணவர்களின் பணி ஆயத்தமும் தொழில்முறை அறிமுகங்களும்: அயோத்தியாப்பட்டணம் வட்டாரம்

முதுநிலை வணிக மேலாண்மை (எம்.பி.ஏ.) படிக்கும் மாணவர், படிப்பு முடிவதற்குள் தனக்கு ஏற்ற பணியைத் தேர்ந்து, அதற்கான திறனையும் ஆவணங்களையும் சேர்த்து, அத்துறையில் இருப்பவர்களோடு அறிமுகம் ஏற்படுத்திக்கொள்வது பணி ஆயத்தம் எனப்படுகிறது. இரண்டு ஆண்டுகளில் நான்கு பருவங்களாக நடக்கும் இப்படிப்பில் பாடங்களுக்கு இணையான இடம் இதற்கும் உண்டு. குடும்பத்தில் முதன்முறையாகக் கல்லூரிக்குச் செல்லும் மாணவருக்கு நிறுவன வேலையில் இருக்கும் உறவினர் அரிது. ஆகவே அவருக்கு இந்த ஆயத்தம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. சேலம் மாநகருக்குக் கிழக்கே உள்ள அயோத்தியாப்பட்டணம் வட்டார மாணவர்களின் நிலையை முன்வைத்து இக்கட்டுரை அதை விளக்குகிறது.

வட்டாரமும் தொழில்களும்

அயோத்தியாப்பட்டணம், சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில் உள்ள பேரூராட்சி ஆகும். சேலம்–விருத்தாசலம் இருப்புப்பாதையில் இதற்கு ஒரு நிலையமும் உண்டு. கோதண்டராமர் கோயிலால் அறியப்படும் இவ்வூரைச் சுற்றிலும் மரவள்ளிக் கிழங்கு சாகுபடி, நெசவு, சிறு ஆலைகள் ஆகியவை பிழைப்புக்கு வழியாக உள்ளன.

சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டங்களை எல்லையாகக் கொண்ட பெரியார் பல்கலைக்கழகம் 1997-இல் தொடங்கப்பட்டது. சேலத்தின் மேற்குப் புறத்தில் பெங்களூரு சாலையில் அமைந்துள்ள இப்பல்கலைக்கழகத்தில் மேலாண்மைக் கல்வி நிறுவனம் ஒன்று இயங்குகிறது. அதே ஆண்டில் தொடங்கப்பட்ட சோனா தொழில்நுட்பக் கல்லூரியிலும் மேலாண்மைத் துறை உள்ளது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் தேர்வு வழியாகச் சேர்க்கை நடைபெறுகிறது.

இச்சமவெளியில் மேலாளர்களைத் தேடும் தொழில்கள் பல வகைப்படும். சேலத்தில் உருக்காலையும் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளும், நாமக்கல்லில் கோழிப்பண்ணையும் லாரி கூண்டு கட்டும் தொழிலும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழிலும், குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் விசைத்தறியும் உள்ளன. ஜவ்வரிசி, ஸ்டார்ச் ஆலைகளுக்காக 1981-இல் ‘சேகோசர்வ்’ என்னும் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் உருவாக்கப்பட்டது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இவற்றுள் பெரும்பாலானவை குடும்ப நிறுவனங்கள். இவை வளாக நேர்காணலுக்கு வருவது குறைவு. ஆள் தேவைப்பட்டால் தணிக்கையாளரிடமோ வங்கி மேலாளரிடமோ சொல்லி வைப்பதே இவற்றின் வழக்கம். விளம்பரத்தில் வராத இத்தகைய வேலைகளை அறிய, அந்தத் தணிக்கையாளரையோ வங்கி மேலாளரையோ மாணவர் அறிந்திருக்க வேண்டும்.

சொந்தமும் அறிமுகமும்

வேலை தேடும் இளைஞர் முதலில் அணுகுவது மாமன், சித்தப்பா, பங்காளி, ஊர்க்காரர் ஆகியோரை. இவர்களுக்கு உதவும் மனம் மிகுதி; ஆனால் இவர்கள் அறிந்த செய்தி ஒரே வட்டத்துக்குள் சுழல்வது. நெசவுக் குடும்பத்தின் உறவினர்களில் பெரும்பாலோர் நெசவிலும், லாரிக் குடும்பத்தின் உறவினர்கள் லாரித் தொழிலிலும் இருப்பார்கள்.

இதை அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். பாஸ்டன் அருகே நியூட்டன் நகரில் வேலை மாறிய மேலாளர்களையும் தொழில்முறைப் பணியாளர்களையும் அவர் ஆராய்ந்தார். தெரிந்தவர் வழியாக வேலை பெற்றவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர் மட்டுமே. எப்போதாவது சந்தித்தவர்கள் சுமார் 56 விழுக்காடு. மிக அரிதாகச் சந்தித்தவர்கள் சுமார் 28 விழுக்காடு. நெருங்காத அறிமுகமே புதிய செய்தியைக் கொண்டுவருகிறது என்பது அவர் முடிவு. லிங்க்டுஇன் தளத்தின் 2 கோடி பயனர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2022-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஆய்வும் இதை ஒரு திருத்தத்துடன் உறுதி செய்தது. மிக நெருங்கிய தொடர்பைவிடவும், பெயரளவிலான தொடர்பைவிடவும், மிதமான அறிமுகமே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியது.

அறிமுகம் வேறு, சிபாரிசு வேறு. சிபாரிசு என்பது தகுதியைப் பார்க்காமல் இடம் கேட்பது. அறிமுகம் என்பது செய்தியும் வழிகாட்டலும் கேட்பது. தேர்வு செய்வது நிறுவனத்தின் பொறுப்பாகவே இருக்கும்.

தொடர்பு உள்ளவருக்கே வேலை என்னும் நிலை சிலரை வெளியே நிறுத்திவிடுகிறது. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டன. தலித் பெயர்களும் இசுலாமியப் பெயர்களும் கொண்ட விண்ணப்பங்களுக்கு அழைப்பு வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. உறவு வட்டத்தைத் தாண்டிய அறிமுகம், வட்டமே சிறிதாக உள்ள மாணவருக்கு அதனாலேயே மிகவும் தேவையானது. கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவும் முன்னாள் மாணவர் சங்கமும் முதலில் உதவ வேண்டியது இவர்களுக்கே.

அறிமுகம் ஏற்படுத்தும் முறை

அறிமுகத்தைத் தொடங்க எளிய வாயில் முன்னாள் மாணவர்கள். ஒரே துறையில் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் படித்தவர், மாணவரின் நிலையை நேரில் அறிந்தவர். அடுத்தது, தொழில் அமைப்புகளின் கூட்டங்கள். சேலம் மாவட்டச் சிறு, குறுந்தொழில் சங்கமும், சேலம் உற்பத்தித்திறன் குழுவும், பட்டயக் கணக்கர் நிறுவனத்தின் சேலம் கிளையும் இவ்வட்டாரத்தில் இயங்குகின்றன. மாணவர் கலந்துகொள்ளக்கூடிய கருத்தரங்கு எது என்பதைப் பேராசிரியர் வழியாகக் கேட்டு அறியலாம்.

முதல் செய்தியில் வேலை கேட்பது பெரும்பாலும் பேச்சை அங்கேயே முடித்துவிடும். எதிரில் இருப்பவரிடம் அன்றைக்குக் காலியிடம் இருக்காது. இல்லை என்று சொல்லச் சங்கடப்பட்டு அவர் பதில் போடாமலே விடலாம். விவரம் கேட்டால் பதில் சொல்ல எவருக்கும் இயலும். மாதிரிக்கு ஒரு செய்தி:

“வணக்கம் சார். நம் கல்லூரியில் எம்.பி.ஏ. இரண்டாம் பருவம் படிக்கிறேன், ஊர் அயோத்தியாப்பட்டணம். நீங்கள் சரக்குப் போக்குவரத்துத் துறையில் இருப்பதாகப் பேராசிரியர் சொன்னார். அத்துறைக்கு எந்தப் பாடத்தில் கூடுதல் கவனம் வேண்டும் என்று கேட்க விரும்புகிறேன். இந்த வாரம் 15 நிமிடம் பேச முடியுமா சார்?”

செய்தியில் யார், யார் சொல்லி, என்ன தேவை, எவ்வளவு நேரம் என்ற நான்கும் உள்ளன. முதல் பேச்சில் ‘சார்’, ‘மேடம்’ என்பதே பொருத்தம். பழகிய பின் அவர்களே ‘அண்ணா’, ‘அக்கா’ என்று அழைக்கச் சொல்வது இப்பகுதியின் வழக்கம். பேசும்போது மூன்று கேள்விகள் போதும்: அன்றாட வேலை என்ன, புதிதாகச் சேர்பவர் எங்கே தடுமாறுகிறார், அடுத்து யாரிடம் பேசலாம். மூன்றாவது கேள்வியே வட்டத்தை விரிக்கிறது. மறுநாள் நன்றி சொல்வதும், அவர் சொன்னதைச் செய்து முடித்த பின் தெரிவிப்பதும் தொடர்பை நிலைக்கச் செய்யும். வேலை தேவைப்படும்போது மட்டும் வரும் செய்தி, கடன் கேட்டு வரும் தொலைபேசி அழைப்பைப் போலவே வரவேற்பைப் பெறும்.

நான்கு பருவங்களின் கால ஒழுங்கு

முதல் பருவத்தில் மாணவர் தனது அடிப்படைக் குறைகளைச் சரிசெய்கிறார். கலைப் பாடம் படித்து வந்தவருக்குக் கணக்கியலும் எக்செல் பயன்பாடும், பொறியியல் படித்து வந்தவருக்கு எழுத்தும் பேச்சும் பெரும்பாலும் குறையாக இருக்கும். இரண்டாம் பருவத்தில் நிதி, சந்தையியல், மனிதவளம், உற்பத்தி ஆகிய பிரிவுகளில் எது ஏற்றது என்பதைத் துறையினரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும். பருவ விடுமுறையில் நிறுவனப் பயிற்சி நடைபெறும். மூன்றாம் பருவத்தில் தன்விவரக் குறிப்பும் மாதிரி நேர்காணல்களும் முடிந்திருக்க வேண்டும். வளாக நேர்காணல்கள் அப்போதே தொடங்கிவிடுகின்றன. நான்காம் பருவம் வரை காத்திருப்பவர் பலவற்றை இழந்திருப்பார்.

நிறுவனப் பயிற்சி

சான்றிதழுக்காக ஏதோ ஒரு நிறுவனத்தில் பெயரைப் பதிந்துவிட்டு, பழைய அறிக்கையை நகலெடுத்துக் கொடுப்பது பல கல்லூரிகளில் காணப்படும் பழக்கம். நேர்காணலில் அதைப் பற்றிய இரண்டாவது கேள்வியிலேயே இது வெளிப்பட்டுவிடும்.

பக்கத்து ஜவ்வரிசி ஆலையில் கவனத்துடன் செய்யும் பயிற்சி இதைவிடப் பயன் தரும். கிழங்கின் மாவுச்சத்தைப் ‘பாயிண்ட்’ கணக்கில் அளந்து விலை போடுவது இத்தொழிலின் வழக்கம். கிழங்கு வரத்து சில மாதங்களில் குவிகிறது; விற்பனையோ மகாராட்டிரம் போன்ற வெளி மாநிலங்களின் நோன்புக் காலத் தேவையைச் சார்ந்திருக்கிறது. ஆகவே கிழங்குக்குப் பணம் கொடுக்கும் நாளுக்கும் ஜவ்வரிசிக்குப் பணம் வரும் நாளுக்கும் இடையில் எத்தனை நாள், அந்த இடைவெளிக்கு எவ்வளவு வட்டி என்பதை ஒரு மாணவர் ஆலைக் கணக்கிலிருந்து கண்டறியலாம். பாடநூலில் நடைமுறை மூலதனம் எனப்படுவது இதுவே. இக்கணக்கைச் செய்தவர், எந்த வங்கியின் நேர்காணலிலும் தன் வேலையைப் பற்றிப் பேச முடியும். ஆலையின் எண்களை வெளியே சொல்லும் முன் உரிமையாளரின் இசைவைப் பெறுவது இன்றியமையாதது.

தன்விவரக் குறிப்பும் நேர்காணலும்

புதிய பட்டதாரியின் தன்விவரக் குறிப்பு ஒரு பக்கம் இருந்தால் போதும். ‘கடின உழைப்பாளி’ போன்ற சொற்களைவிட, செய்த வேலையும் அதன் அளவும் மதிப்புடையவை. குடும்பத்தின் தறிக்கூடத்திலோ மளிகைக் கடையிலோ கணக்கு எழுதியதைப் பல மாணவர்கள் கூச்சத்தால் மறைக்கின்றனர். சரக்கு இருப்பு, கடன் வசூல், ஆட்களுக்குக் கூலி ஆகியவற்றைக் கையாண்ட அனுபவம் மேலாண்மை அனுபவமே, அதை எழுதலாம். இளநிலைப் படிப்பின்போது, 2022-இல் தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டத்தில் பெற்ற பயிற்சியையும் சேர்க்கலாம்.

குழு விவாதத்தில் முதலில் பேசுபவருக்கும் உரக்கப் பேசுபவருக்கும் மட்டும் மதிப்பெண் கிடைப்பதில்லை. பிறர் சொன்னதை ஏற்று அதற்கு மேல் ஒரு செய்தியைச் சேர்ப்பவர் கவனிக்கப்படுகிறார். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் நாள்தோறும் ஒரு செய்தியை ஆங்கிலத்தில் இரண்டு நிமிடம் சொல்லிக் கைப்பேசியில் பதிந்து கேட்பது நல்ல பயிற்சி. நேர்காணலில் குடும்பப் பின்னணி பற்றிய கேள்வி வருவது வழக்கம். பெற்றோரின் தொழிலை மழுப்பாமல் ஒரு வரியில் சொல்லி, அங்கிருந்து தான் கற்ற ஒன்றைச் சொல்லி முடிப்பது, பேச்சை மீண்டும் தகுதியின் பக்கம் திருப்பும்.

பணி ஆணையைப் படித்தல்

ஆண்டு ஊதியம் என்று சொல்லப்படும் தொகை முழுவதும் கைக்கு வராது. எடுத்துக்காட்டாக 3,60,000 ரூபாய் எனில் மாதம் 30,000 என்று தோன்றும். அதில் 60,000 ரூபாய் விற்பனை இலக்கைச் சார்ந்ததாக இருந்தால் உறுதியான தொகை மாதம் 25,000 மட்டுமே. வருங்கால வைப்பு நிதிக்கு இருதரப்புப் பங்கும் தலா 1,800 ரூபாய் கழிந்து, பணிக்கொடை ஒதுக்கீடும் போனால் கையில் கிடைப்பது 21,000-க்கும் கீழே. சென்னையிலோ பெங்களூரிலோ விடுதி வாடகை போக மீதி என்ன என்பதைக் கணக்கிட்ட பின்பே ஒப்புக்கொள்ள வேண்டும்.

‘மேலாண்மைப் பயிற்சியாளர்’ என்ற பெயரில் தரகு மட்டுமே தரும் விற்பனை வேலைகளும் உண்டு. நிலையான ஊதியம் எவ்வளவு என்பது ஆணையில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், முன்வைப்புத் தொகை என்று பணம் கேட்பவரும், அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொல்பவரும் ஐயத்துக்குரியவர்கள். இணையவழியில் பணத்தை இழந்தவர் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

கல்விக் கடனும் சொந்தத் தொழிலும்

வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை தேவையில்லை. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி அக்காலத்திலும் ஏறும். 4 லட்சம் ரூபாயை 10 விழுக்காடு வட்டியில் ஐந்து ஆண்டுகளில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 8,500 ரூபாய் ஆகும். மேலே கணக்கிட்ட கைச் சம்பளத்தில் இது ஐந்தில் இரண்டு பங்கு. பணி ஆயத்தத்தை முதல் பருவத்திலேயே தொடங்கச் சொல்வதற்குக் காரணம் இக்கணக்கே.

வேலையைவிடத் தொழிலே ஏற்றது என்று கருதும் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்குத் தமிழ்நாடு அரசின் ‘நீட்ஸ்’ திட்டம் 25 விழுக்காடு மூலதன மானியமும் 3 விழுக்காடு வட்டி மானியமும் வழங்குகிறது. இதற்கு மாவட்டத் தொழில் மையத்தை அணுக வேண்டும். குடும்பத் தொழிலுக்கே திரும்பும் மாணவருக்கும் படிப்புக் காலத்து அறிமுகங்கள் வீண் போவதில்லை. கொள்முதலுக்கும் வங்கிக் கடனுக்கும் வெளியூர் விற்பனைக்கும் அவரிடம் பேச ஆள் இருக்கும்.